பத்தியம்: விருந்துக்கும் மருந்துக்கும் இடையே ஒரு சொல்லின் வரலாறு

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் கேட்கப்படும் பழமொழி. விருந்தினர் தங்கும் காலத்துக்கும் நோயாளி மருந்துண்ணும் காலத்துக்கும் அது ஒரே எல்லையை வகுக்கிறது. எதுகைக்காகச் சேர்ந்த இரு சொற்கள் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. விருந்து, மருந்து ஆகிய இரண்டும் அடுக்களையின் அன்றாட ஒழுங்கை மாற்றுபவை. இரண்டும் விரைவில் முடிந்துவிடும் என்னும் நம்பிக்கையிலேயே வீட்டாரால் ஏற்றுக்கொள்ளப்படுபவை. ஆனால், மருந்துக்கு முடிவில்லை என்றாகி, அதனை மேற்கொண்டவர் விருந்திலும் வந்து அமரும்போது, அவர் தம் நிலையை எச்சொல்லால் விளக்குவது என்னும் சிக்கல் எழுகிறது. தமிழில் இதற்கென நெடுங்காலமாக இருந்துவரும் சொல் 'பத்தியம்'. அச்சொல்லின் வரலாற்றையும், அதனோடு உறவுடைய சொற்களின் வழக்கையும், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பன்மொழிச் சூழலை முன்னிறுத்தி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இடமும் மக்களும்

ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு பெங்களூருவில் படைமுகாம் ஒன்றை நிறுவினர். கன்னட மக்கள் அதனைத் 'தண்டு' என்றனர். படையைக் குறிக்கும் இச்சொல் தமிழுக்கும் பழையதே. சிவாஜி நகரிலுள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. படையோடும் படைக்குப் பண்டம் வழங்கும் தொழிலோடும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து பெருந்தொகையினர் இங்குக் குடியேறினர். 1898இல் பெங்களூருவைத் தாக்கிய கொள்ளைநோய், நெரிசலான பகுதிகளை விட்டு மக்களைப் புதிய விரிவாக்கங்களில் குடியமர்த்த வேண்டிய தேவையை உணர்த்தியது. பிரேசர் டவுனுக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதனையொட்டி, ஆங்கில அதிகாரி ஒருவரின் பெயர் தாங்கி ரிச்சர்ட்ஸ் டவுன் உருவாயிற்று. 1947 ஜூலையில் இப்பகுதி முழுவதும் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல் பெங்களூரு மாநகராட்சி அமைந்தபோது அதனுள் அடங்கியது.

தமிழ் பேசும் இந்துக்கள், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார், உருதும் தமிழும் பேசும் இசுலாமியர், ஆங்கிலோ இந்தியர், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் ஆகியோர் இங்கு அண்டை அயலாராக வாழ்ந்துவருகின்றனர். இத்தகைய தெருவில் ஆடி மாத வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் விரத நாள். அடுத்த வீட்டில் புலால் நீக்கிய நாள். மூன்றாம் வீட்டில் சிறப்புத் தொழுகைக்குப் பின் பிரியாணி. அண்டை வீட்டுக்குத் தட்டு அனுப்பும் வழக்கமுள்ள இடத்தில், யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்னும் அறிவு நல்லுறவுக்கு இன்றியமையாத அறிவாகிவிடுகிறது.

சொல்லின் பிறப்பு

'பத்தியம்' என்பது 'வழி' என்னும் பொருளுடைய வடசொல் வேரினின்று தோன்றிய 'பத்ய' என்பதன் தமிழ் வடிவம். 'வழிக்கு ஏற்றது', 'தக்கது', 'நன்மை பயப்பது' என்பன அதன் மூலப் பொருள்கள். ஆங்கிலத்தின் வழியே இன்று வழங்கும் 'டயட்' என்னும் சொல்லின் கிரேக்க மூலமும் 'வாழும் முறை' என்றே பொருள்படும். தொடர்பில்லாத இரு மரபுகள் உணவு நெறியை வாழ்க்கை வழியோடு இணைத்துச் சொல்லாக்கியிருப்பது கருதத்தக்கது.

தமிழ் எழுத்துமுறையில் மூச்சொலியும் குரலொலியும் வேறுபடுத்தப்படாமையால், செய்யுளைக் குறிக்கும் வடசொல்லும் தமிழில் 'பத்தியம்' என்றே ஆயிற்று. கன்னடத்தில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துப் பெறுகின்றன. ஆயினும் தமிழ் வழக்கில் மயக்கம் நேர்வதில்லை. செய்யுளைக் காப்பவரும் முறிப்பவரும் இலர்.

பொருள் வளர்ச்சியில் அண்டை மொழிகள் வேறு திசையிற் சென்றுள்ளன. ஒரு கருத்து ஒருவருக்கு உவப்பாக இல்லை என்பதனை, அது அவருக்குப் 'பத்தியமாகவில்லை' என்னும் அமைப்பில் கன்னட நாளேடுகள் எழுதுகின்றன. மலையாளத்திலோ 'பத்தியம்' என்பது விருப்பமானதைக் குறிக்கவும் வருகிறது. அதாவது, 'ஏற்றது' என்னும் மூலப் பொருளை அவ்விரு மொழிகளும் மனத்துக்கு ஏற்றது என விரித்துக்கொண்டன. தமிழ் அதற்கு நேர்மாறாகச் சொல்லை இறுக்கியது. உண்ணத்தக்கதைக் குறித்த சொல், உண்ணத்தகாததைத் தவிர்க்கும் ஒழுக்கத்தைக் குறிக்கலாயிற்று. 'அவர் பத்தியம்' என்றவுடன் கேட்போர் மனத்தில் தோன்றுவது அவர் என்ன உண்கிறார் என்பதன்று, எதனை விட்டார் என்பதே. உருதில் வழங்கும் 'பர்ஹேஸ்' என்னும் பாரசீகச் சொல் தொடக்கத்திலிருந்தே தவிர்த்தலைக் குறிப்பது. தமிழ்ப் பத்தியம் பொருளளவில் இன்று அதற்கே அண்மையில் நிற்கிறது.

சித்த மருத்துவ மரபு பத்தியத்தை நுட்பமாக வகைப்படுத்திற்று. கடும்பத்தியம் உப்பு, புளி முதலியவற்றை விலக்குவது. மருந்துண்டு முடித்தபின் உடலை வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திருப்புவது மறுபத்தியம். இந்த இரண்டாம் சொல் முதன்மையானது. பத்தியம் என்பது முடிவுடையது என்னும் கருத்து சொற்றொகுதியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளதை அது காட்டுகிறது. மகப்பேற்றுக்குப் பின் தாய்க்குத் தரப்படும் பத்தியக் குழம்பும் இலேகியமும் இவ்வகையினவே; நாளெண்ணிக் கழிப்பவை.

இலக்கியச் சான்றுகள் இரண்டு

கட்டுப்பாடான உணவு உடையவரை விருந்தோம்பிய நிகழ்ச்சிக்குத் தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் உள்ளது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனும் கண்ணகியும் ஆயர்குலத்து மாதரியின் அடைக்கலமாகின்றனர். கோவலன் சமண இல்லற நோன்பினன். இதனை அறிந்த மாதரி, தன் வீட்டில் சமைத்ததை அவன்முன் வைக்கவில்லை. பகற்பொழுதிலேயே உண்ணும் அவனுக்குக் கண்ணகி தானே சமைத்தளிக்கும்படி, புதிய கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்கச் செய்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, தங்கள் பசுக்களின் பால் என ஆயர் மகளிர் கொடுத்த பொருள்களைக் கவிஞர் வரிசைப்படுத்துகிறார். மாதரியின் மகள் ஐயை வைக்கோலால் தீ மூட்டித் துணைநிற்கிறாள்.

இங்கு மாதரி செய்தவற்றைக் காட்டிலும் செய்யாதவை குறிப்பிடத்தக்கவை. அவள் நோன்பின் காரணத்தை வினவவில்லை. 'இன்றொரு நாள் மட்டும்' என்று வற்புறுத்தவில்லை. தன் அடுக்களையைத் தாழ்வாக எண்ணிவிட்டனர் என்று வருந்தவும் இல்லை. பொருளையும் கலத்தையும் தீயையும் கொடுத்துச் சமைக்கும் உரிமையை விருந்தினரிடமே விட்டுவிடுகிறாள். விருந்தோம்பல் அதிகாரம் பல படித்தும் எட்டாத நாகரிகம் என்று இதனைச் சொல்லலாம்.

மற்றொரு சான்று கொடியது. புறநானூற்றின் 246ஆம் பாடலில், கணவன் பூதப்பாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட உணவை எண்ணிப் பார்க்கிறாள்: நெய் படாத நீர்ச்சோற்றுப் பிண்டம், எள் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை. அதனினும் ஈமத்தீ மேல் என்பது அவள் முடிவு. 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார், ஆம்பற் புல்லரிசியைக் காலம் தவறி உண்ணும் பெண்ணைக் காட்டுகிறார். நோன்பு என்னும் ஒரே சொல், கோவலன் தானே ஏற்ற ஒழுக்கத்தையும் இப்பெண்கள்மேல் சுற்றத்தார் சுமத்திய தண்டனையையும் குறித்து நின்றது. நோன்பின் வேர்ப்பொருள் 'பொறுத்தல்' என்பதை நினைக்க, இந்த இருமுகத் தன்மை வியப்பளிப்பதில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் வேறொரு நுட்பத்தைத் தருகிறது. 'மறு' என்னும் வினை புலால் மறுத்தலில் முற்ற விலக்குதலைக் குறிக்கிறது. மருந்து அதிகாரத்தின் 945ஆம் குறளிலோ ஒத்த உணவையும் அளவு மீறாது உண்பதைக் குறிக்கிறது. விலக்கும் அளவும் ஒரு வினைக்குள் அடங்கிவிட்டன. இதனால் விளையும் இடர்ப்பாடு பின்னர்க் கூறப்படும். விருந்தோம்பல் அதிகாரத்தின் 82ஆம் குறளும் உடன் வைத்து எண்ணத்தக்கது. உண்பது இறவாமை தரும் மருந்தே ஆயினும் விருந்தினரைப் புறத்தே நிறுத்தித் தனித்துண்ணல் ஆகாது என்கிறார் வள்ளுவர். விருந்தும் மருந்தும் எதிரெதிர் நின்றால் விருந்துக்கே முதலிடம் என்பது தமிழ்ச் சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கற்பித்துவரும் பாடம். விருந்து மேசையில் நீரிழிவு நோயாளி படும் பாட்டுக்கு இப்பாடமும் ஒரு காரணம்.

கஞ்சியின் பயணம்

நோயாளியின் உணவுப் பெயர்களுள் உலகெங்கும் சென்ற தமிழ்ச்சொல் கஞ்சி. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் நூல், மிளகும் சீரகமும் சேர்ந்த அரிசிநீரை நோயாளிக்குக் கொடுப்பதைக் குறிப்பிட்டு அதன் பெயரையும் தருகிறது. போர்த்துகீசிய மொழியில் அச்சொல் கோழிச் சாறாக மாறிய பின்னரும் நோயாளிக்குரிய உணவாகவே இருந்துவருகிறது. ஆங்கிலேயப் படைமுகாம்களிலோ அதற்கு வேறு கதி நேர்ந்தது. படைப்பிரிவின் சிறுசிறையைக் 'கஞ்சி வீடு' என்று சிப்பாய்கள் அழைத்தனர்; அடைபட்டோருக்குக் கஞ்சியே உணவு என்னும் வழக்கத்தால் வந்த பெயர் என 1886இல் வெளிவந்த ஆப்சன் ஜாப்சன் அகராதி விளக்குகிறது. நோயாளியைத் தேற்றிய உணவு குற்றவாளியை ஒறுக்கும் உணவாயிற்று. மிளகுத்தண்ணீர் இதற்கு நேரெதிர். பெயர் திரிந்து ஆங்கில விருந்துகளின் முதற்பரிமாறலாக ஏற்றம் பெற்றது. ஆங்கிலோ இந்தியர் இல்லங்களிலோ அது 'பெப்பர் வாட்டர்' என மொழிபெயர்ந்து, காய்ச்சல் கண்டவர்க்கும் காணாதவர்க்கும் சோற்றின்மேல் ஊற்றப்படுகிறது.

வினைகளின் வேறுபாடு

உணவுக் கட்டுப்பாட்டுப் பெயர்கள் எந்த வினையோடு சேர்கின்றன என்பது சமயக் குழுக்களுக்கிடையே வேறுபடுகிறது. இந்துக்கள் விரதம் 'இருக்கின்றனர்', நோன்பு 'நோற்கின்றனர்', 'முடிக்கின்றனர்'. தமிழ் இசுலாமியர் நோன்பு 'பிடிக்கின்றனர்', 'திறக்கின்றனர்'. கத்தோலிக்க மறைக்கல்வி 'ஒருசந்தி', 'சுத்தபோசனம்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது உண்ணும் வேளையைக் குறைப்பது, பின்னது புலாலை நீக்குவது. சந்திப்பொழுதைக் கொண்டு வேளையை எண்ணிய இந்தப் பழஞ்சொல், பொதுவழக்கில் மங்கிய பின்னரும் கத்தோலிக்கத் தமிழில் உயிரோடு இருக்கிறது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியத் தமிழ் 'உபவாசம்' என்பதை ஆள்கிறது. பத்தியமோ 'இருக்கப்படுவது', 'காக்கப்படுவது', இறுதியில் 'முறிக்கப்படுவது'. நோன்பைத் திறப்பது மகிழ்ச்சி. பத்தியத்தை முறிப்பதும் உரிய நாளில் மகிழ்ச்சியே. உரிய நாளுக்கு முன் முறிந்தால் மட்டுமே அது குற்றம்.

இவை ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. இரமலான் நோன்பில் நோயாளிக்கு விலக்கு உண்டு. விடுபட்ட நாள்களைப் பின்னர் ஈடுசெய்யலாம், இயலாதார் ஏழைக்கு உணவளிக்கலாம். ஆயினும் வீடே நோன்பிருக்கையில் தான் மட்டும் உண்ணத் தயங்கும் நீரிழிவு நோயாளர் உளர். அவருக்கு இங்கு உண்ணாமையே எளிது. உண்பதுதான் துணிவு வேண்டும் செயல்.

குடும்பம் முழுவதும் ஒருவருக்காகப் பத்தியம் இருக்கும் வழக்கம் தமிழரிடையே அம்மை நோயின்போது காணப்பட்டது. ஒருவருக்கு அம்மை கண்டால் வீட்டில் தாளிப்பு நிற்கும், எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, புலால் நுழையாது. தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை நோயாளிக்கு உரியதே எல்லார்க்கும் உணவு. மாரியம்மன் வழிபாட்டின் அச்சம் இதற்குப் பின்னணி என்பது வெளிப்படை. ஆனால் அதன் விளைவு வேறு: நோயாளி தனித்து விடப்படவில்லை, அவர்முன் வேறு எவரும் சுவையாக உண்ணவில்லை. இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நோயாளிகள் 1975இல் காணப்பட்டனர். 1977இல் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சின்னம்மை கண்ட வீடுகளில் அவ்வழக்கம் இன்னும் ஓரளவு எஞ்சியுள்ளது. வாழ்நாள் நோய்களுக்கு இத்தகைய கூட்டுப் பத்தியம் எதுவும் உருவாகவில்லை.

மறுப்பின் இலக்கணம்

விருந்தில் ஓர் உணவை மறுக்கத் தமிழில் பல வாய்பாடுகள் உள. 'வேண்டாம்' என்பது விருப்பத்தை மறுப்பது. பரிமாறுவோர் அதனை நாணத்தின் அறிகுறியாகக் கொண்டு மீண்டும் பரிமாறுவர். 'போதும்' என்பது முன்பே உண்டதை ஒப்புக்கொள்வது. தொடாத பண்டத்துக்குப் பயன்படாது. 'கூடாது' என்பது மருத்துவர் போன்ற புற அதிகாரத்தைத் துணைக்கழைப்பது. மறுப்பவரின் பொறுப்பைக் குறைப்பது. 'எனக்கு ஆகாது', 'எனக்குச் சேராது', 'எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்பன நான்காம் வேற்றுமைக் கட்டமைப்புகள். இவற்றில் எழுவாய் உணவு. உண்பவர் அதன் விளைவுக்கு இடமாக மட்டுமே நிற்கிறார். சமைத்தவரின் கைத்திறனும் மறுப்பவரின் மனமும் இத்தொடரால் காக்கப்படுகின்றன; பிணக்கு உணவுக்கும் உடலுக்கும் இடையிலானதாக ஆகிவிடுகிறது. கன்னடத்தில் 'ஒக்கு' என்னும் வினையின் எதிர்மறை இதே பணியைச் செய்வதால், இருமொழியாளர் இத்தொடரை மொழிமாற்றும்போது பொருளிழப்பு ஏற்படுவதில்லை.

'ஒவ்வாமை' என்னும் கலைச்சொல் இந்த ஒத்தல் வினையின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1906இல் வியன்னா மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே உருவாக்கிய 'அலர்ஜி' என்னும் சொல்லுக்கு ஈடாக அது ஆளப்படுகிறது. ஆக்கம் அழகியது. ஆனால் அலர்ஜி என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தொடர்பான, சில வேளைகளில் உயிரையே பறிக்கும் எதிர்வினை. 'ஒத்துக்கொள்ளாது' என்பதோ வயிற்றுப் பொருமல் முதல் சளிபிடித்தல் வரை அனைத்துக்கும் உரிய மென்மையான மறுப்பு. அந்த மென்மை கலைச்சொல்லுக்கும் தொற்றிவிட்டது. வேர்க்கடலை ஒவ்வாமையுள்ள பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, கேட்கும் உறவினர் கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று விலக்கும் வழக்கத்தோடு அதனைச் சேர்த்தெண்ணி, 'கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது' என்கிறார். 'ஆகாது' என்னும் சொல்லே இங்கு எதிர்ப்பக்கத்தில் நின்று வாதிடுகிறது.

நோயின் பெயரே உணவு நெறியைத் திரிப்பதும் உண்டு. நீரிழிவைப் பேச்சுவழக்கு 'சர்க்கரை' என்றே சுட்டுகிறது. பெயர் சர்க்கரையாக இருப்பதால், காப்பியில் சர்க்கரையை நீக்கிய வீட்டார் இலையில் சோற்றைக் குவிப்பதில் தவறேதும் காண்பதில்லை. 1922இல் இன்சுலின் மருத்துவத்துக்கு வருமுன் அந்நோய்க்குக் கடும்பத்தியம் ஒன்றே வழி. பிரடெரிக் ஆலன் என்னும் அமெரிக்க மருத்துவர் நோயாளரைப் பட்டினியின் விளிம்பில் நிறுத்தியே வாழ்நாளை நீட்டினார். அந்நாளில் அது மாவுப்பொருளின் நோய் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. சிறுநீரக நோயில் 'இரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது' என்னும் தொடரும் இத்தகையதே. அங்கு உப்பென்பது யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவுகள். வீட்டார் நீக்குவது சமையலுப்பை மட்டும்.

கோதுமையும் மொழிபெயர்ப்பாளரும்

இதுவரை கூறிய இடர்கள் யாவும் ஒருங்கே வந்து சேருமிடம் சீலியாக் நோய். கோதுமை, பார்லி முதலியவற்றின் பசைப்புரதம் சிறுகுடலைச் சிதைக்கும் இந்நோய்க்குக் காரணத்தைக் கண்டறிந்தவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்து மருத்துவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது அவர்தம் இளம் நோயாளிகள் தேறியதும், ரொட்டி திரும்பியபோது மீண்டும் நலிந்ததும் அவர் ஐயத்தை உறுதிப்படுத்தின. 1950இல் தம் ஆய்வேட்டில் அதனை நிறுவினார். மருந்து வேறில்லை, வாழ்நாள் முழுவதும் அத்தானியங்களை முற்ற விலக்க வேண்டும்.

அரிசியுண்ணும் தமிழருக்கு இது எளிதெனத் தோன்றலாம். இட்லி, தோசை, கேழ்வரகுக் களி ஆகியவற்றில் தீங்கில்லை. ஆனால் பெயரை நம்ப முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் கோதுமை ரவையைக் கொண்டு ரவா இட்லியைத் தாமே உருவாக்கியதாகப் பெங்களூருவின் மாவள்ளி டிபன் ரூம் கூறிவருகிறது. இட்லி என்னும் சொல் நிலைக்க, பொருள் மாறிற்று. பெருங்காயம் இன்னும் மறைவானது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பார், இரசம், ஊறுகாய், மோர் எனச் சைவ விருந்தின் ஒவ்வொரு வரிசையிலும் அது புகுந்துவிடுகிறது.

இந்நோயாளருக்கான அறிவுரைத் தாளைத் தமிழாக்குவோர் 'பத்தியம்' என எழுதினால், படிப்பவர் மனம் மறுபத்தியத்தை எதிர்நோக்கும். 'எத்தனை நாள் பத்தியம்?' என்னும் வினா இயல்பாகவே எழும். 'உணவுக் கட்டுப்பாடு' என எழுதினால், அது மனவடக்கத்தின் பாற்பட்டதாகி, மறுத்துண்ணலின் 'அளவு' என்னும் பொருள் மேலோங்கும். 'கொஞ்சம்' என்பதற்கு இடம் உண்டாகிவிடும். 'ஒவ்வாமை'யோ நோயைத் தவறாக வகைப்படுத்தும். 'இவருக்குக் கோதுமை ஆகாது; சிறிதளவும் ஆகாது; என்றும் ஆகாது' என்று வீட்டு வழக்கின் வினையையே மும்முறை அடுக்குவது இவற்றினும் தெளிவானது. கலைச்சொல்லின் பெருமிதம் இதில் இல்லை. ஆயினும், அடுக்களையில் நிற்பவருக்கு ஐயமின்றி விளங்கும்.

உணவுப் பொட்டலங்களின் நிலை இதனோடு தொடர்புடையது. 2020ஆம் ஆண்டின் விவரச்சீட்டு விதிமுறைகள், பசைப்புரதமுள்ள தானியங்கள் உள்ளிட்ட ஒவ்வாப் பொருள்களை வெளிப்படையாக அறிவிக்கப் பணிக்கின்றன. அறிவிப்பு ஆங்கிலத்திலோ தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ இருந்தால் போதும், பிறமொழிகள் விருப்பத்துக்குரியன. சைவ உணவைக் காட்டும் பச்சைப் புள்ளிக்கு எம்மொழியும் தேவையில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் இல்லமொன்றில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்து அப்புள்ளியைக் காண்பார். பேரனுக்கு ஆகாத கோதுமை, அதனடியில் அவர் படிக்கவியலாத எழுத்தில் அச்சாகியிருக்கும்.